பின்சக்கரத்துக் கோடுகள்

2024 பொங்கல் கழிந்த மறுவாரத்தில் ஒரு காலை, எங்கள் காரின் பின்சக்கரத்தருகே குந்தி அமர்ந்து உள்ளே எட்டிப் பார்த்தோம். வெள்ளித் தட்டுப்போல மின்னும் என்று நாங்கள் எண்ணியிருந்த பிரேக் டிஸ்க், பழைய இசைத்தட்டைப் போல வட்டம் வட்டமாகக் கோடு விழுந்து கிடந்தது. விளிம்பு முழுவதும் காவி நிறத்தில் துரு. ஓரிடத்தில், யாரோ ஈரக்கையை அழுத்தி எடுத்ததுபோல மங்கலான ஒரு கறை. கார் வாங்கி ஏழு மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஓடியது 4,600 கிலோமீட்டர். அதைப் பார்த்த கணத்தில் எங்கள் மனத்தில் எழுந்தது ஒரு கேள்வி அல்ல, ஒரு முகம். எங்களிடம் ஓட்டுநராக இருந்த இளைஞனின் முகம்.

இதை ‘நாங்கள்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து செய்த ஒரு பிழையைப் பற்றியது இக்கட்டுரை. முதலில் சொன்னவர் யார், தலையசைத்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கப் பல இரவுகள் முயன்றிருக்கிறோம். பிரிக்க இயலவில்லை. ஆகவே சேர்ந்தே எழுதுகிறோம்.

முப்பது ஆண்டுகள் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, உத்திரமேரூரில் இருக்கும் பூர்வீக வீட்டுக்கு நாங்கள் திரும்பியது அம்மாவுக்காக. எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு அத்தை. இருவரும் அம்மா என்றே அழைப்பது வழக்கம். 2023 ஏப்ரலில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்தபின், வாரத்துக்கு இருமுறை காஞ்சிபுரத்துக்கு அழைத்துச் சென்று உடற்பயிற்சி சிகிச்சை தர வேண்டும் என்றார்கள். பேருந்தில் ஏற்ற முடியாது. ஆட்டோவில் குலுங்கினால் அவர் முகம் வெளிறிப்போகும். சேமிப்பை எடுத்து அந்த ஜூனில் ஒரு புதிய கார் வாங்கினோம். எங்கள் இருவருக்குமே ஓட்டத் தெரியும் என்றாலும், நெடுஞ்சாலையில் அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டத் துணிவில்லை. அடுத்த தெருவில் இருந்த இருபத்துநான்கு வயதுப் பையன் ஒருவனை ஓட்டுநராக அமர்த்திக்கொண்டோம். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் அவன் பெயர் எங்களால் ஏற்கெனவே போதுமான அளவு அடிபட்டுவிட்டது.

முதல் நாளே அவனிடம் ஒன்று சொன்னோம். “தம்பி, பின் சீட்டுல ஒரு சொம்பு நிறையத் தண்ணி வச்சா சிந்தக் கூடாது. அப்படி ஓட்டணும்.” அவன் சிரித்துக்கொண்டே, “சரிண்ணா” என்றான். அவன் சொல்லைக் காப்பாற்றினான். உத்திரமேரூரிலிருந்து மாகறல் வழியாகக் காஞ்சிபுரம் போகும் சாலையை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். வட்டாரத்தில் கல்குவாரிகள் மிகுதி. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் வரிசையாகப் போகும். தார்ச் சாலையின் மேல் கல்பொடி மாவுபோலப் படிந்திருக்கும். அறுவடைக் காலத்தில் நெல்லைக் கொட்டிச் சாலையிலேயே காய வைப்பார்கள். ஆடுகள், எருமைகள், திடீரென்று குறுக்கே வரும் இருசக்கர வாகனங்கள். இத்தனைக்கும் நடுவே, தூரத்தில் ஏதேனும் அசைவதைக் கண்டால் வெகு முன்னதாகவே காலை எடுத்து, பிரேக்கை மயிலிறகால் தொடுவதுபோலத் தொட்டு, வண்டி நின்றதே தெரியாமல் நிறுத்துவான். அம்மா பல நாட்கள் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

ஜனவரித் தொடக்கத்தில் அவன்தான் முதலில் சொன்னான். “அண்ணா, பின்னாடி பிரேக்குல ஒரு உராயற சத்தம் வருதுண்ணா. காட்டிடலாம்.” விற்பனை நிலையத்தைச் சேர்ந்த பணிமனைக்கு நாங்களே எடுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் சக்கரத்தைக் கழற்றாமலேயே டார்ச் அடித்துப் பார்த்தார். பின் இரண்டு டிஸ்க்குகளும் பேட்களும் மாற்ற வேண்டும் என்றார். 14,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டுச் சீட்டை நீட்டினார். வாரண்டியில் வராது என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கதையின் கரு: “டிரைவர் வச்சிருக்கீங்களா? அப்ப அதான். பிரேக் மேலயே கால வச்சு ஓட்டுவாங்க. இல்லன்னா ஹேண்ட் பிரேக்க எடுக்காமயே ஓட்டிடுவாங்க.”

வீடு திரும்பிச் சக்கரத்தருகே குந்தி அமர்ந்து அந்தக் கோடுகளைக் கண்டபோது, அவை எங்களுக்குச் சாட்சியங்களாகத் தெரிந்தன. மறுநாள் அவனை நிறுத்திவிட்டோம். கத்தவில்லை, திட்டவில்லை. அந்த மாதத்தின் முழுச் சம்பளத்தையும் எண்ணிக் கொடுத்தோம். எங்கள் பண்பைக் குறித்து எங்களுக்கே ஒரு திருப்திகூட இருந்தது. அவன் பணத்தை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று, “நீங்க சொன்ன மாதிரிதானேண்ணா ஓட்டினேன்” என்றான். அந்த வாக்கியத்தை நாங்கள் ஒரு மன்றாட்டாக எடுத்துக்கொண்டோம். அது முழுக்க முழுக்கத் தொழில்நுட்ப விளக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சிறிய ஊர். பத்து நாட்களுக்குள் இருவர் எங்களை விசாரித்தார்கள். ஒருவர் நெல் மண்டி வைத்திருப்பவர், மற்றவர் ஒரு மருத்துவர். இருவருக்கும் ஓட்டுநர் தேவைப்பட்டது. “பையன் எப்படி?” என்று கேட்டார்கள். “நல்ல பையன்தான். ஆனா புது வண்டியோட பிரேக்க வீணாக்கிட்டான்” என்றோம். பொய் சொல்லவில்லை என்றே அப்போது நம்பினோம்.

டிஸ்க் மாற்ற அந்தப் பணிமனைக்கு மறுபடியும் போவதற்குள், பழக்கமுள்ள ஒருவர் வந்தவாசிச் சாலையில் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார். அறுபதைக் கடந்த மனிதர். தகரக் கூரை போட்ட பட்டறை. அவர் முதலில் செய்த காரியம், ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றியது. அடுத்தது, ஒரு மைக்ரோமீட்டரைத் துடைத்து எடுத்து டிஸ்க்கின் தடிமனை நாலைந்து இடங்களில் அளந்தது. டிஸ்க்கின் ஓரத்திலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருப்பதை எங்களுக்குக் காட்டினார். 8 மில்லிமீட்டர். புதிதாக வரும்போது 10. இப்போது இருந்தது 9.9. ஏழு மாதத்தில் தேய்ந்தது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கூர்ந்து பார்த்தால் கண்ணுக்குப் பள்ளத்தாக்காகத் தெரிந்த கோடுகள் விரலுக்கு மட்டும் லேசாகத் தட்டுப்பட்டன.

“யார் சார் மாத்தச் சொன்னது?” என்றார். நாங்கள் ஓட்டுநரைப் பற்றிச் சொன்னோம். அவர் பதில் சொல்லாமல் முன்சக்கரத்தையும் கழற்றினார். முன் டிஸ்க் கண்ணாடிபோல இருந்தது. “பிரேக் மேல கால வச்சு ஓட்டியிருந்தா முதல்ல இதுதான் சார் போயிருக்கணும்” என்றார். பின்னர், பின் டிஸ்க்கில் இருந்த அந்தக் கைத்தடம் போன்ற கறையைச் சுட்டிக்காட்டினார். “ஹேண்ட் பிரேக்க எடுக்காம ஓட்டியிருந்தா சூட்டுல நீலம் பாரிச்சிருக்கும். இங்க நீலமே இல்ல. இது வேற. ஹேண்ட் பிரேக் போட்டு, நனைஞ்ச வண்டிய ரொம்ப நாள் நிறுத்தியிருக்கீங்க. பேட் ஒட்டி, அதோட அச்சு விழுந்திருக்கு. எப்ப நின்னுது?”

எங்களுக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருந்தன. 2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். மழை விடாது கொட்டியது. அவன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் ஒன்பது நாட்கள் அவனால் வர இயலவில்லை. போகும்போது, “கியர்லயே விட்டிருக்கேண்ணா, சக்கரத்துக்குக் கல்லு வச்சிருக்கேன். ஹேண்ட் பிரேக் போடாதீங்க, ஒட்டிக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எங்கள் முற்றம் சற்றுச் சரிவானது. இரவில் இடி இடித்தபோது எங்களுக்குப் பயம் வந்தது. குடை பிடித்துக்கொண்டு போய் ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்துவிட்டு வந்தோம். பத்தாம் நாள் அவன் வண்டியை எடுத்தபோது பின்னால் ‘டப்’ என்றொரு சத்தம் கேட்டது. அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறையின் பெஞ்சில் அமர்ந்து அன்று நாங்கள் கற்றுக்கொண்டதையும், பிற்பாடு படித்துத் தெளிந்ததையும் வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். கார் வைத்திருக்கும் பலரும் அறியாத விஷயம் இது.

ஓடும் வண்டியைப் பிரேக் பிடித்து நிறுத்தும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பேருந்தில் நின்றபடி பயணம் செய்த எவருக்கும் இது உடம்பில் தெரிந்த பாடம். முன்சக்கரங்கள் தரையில் அழுந்துகின்றன, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. ஆகவே நிறுத்தும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ முன் பிரேக்குகளைச் சேர்கிறது. பின் பிரேக்குக்கும் அதிக பலம் கொடுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். இதனால்தான் நம் நாட்டின் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க்கும் பின்னால் பழைய டிரம்முமாக இருக்கின்றன. டிஸ்க் பிரேக்கின் வரலாறும் அப்படித்தான் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தை உலோகம் கவ்வியதால் அவருடைய பிரேக் காது கிழியக் கத்தியது. அரை நூற்றாண்டு கழித்து, 1953இல், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் லெ மான் பந்தயத்தில் வென்றபிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1955இல் வந்த புகழ்பெற்ற சித்ரோயன் டிஎஸ் காரில்கூட முன்னால்தான் டிஸ்க், பின்னால் டிரம்.

டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. வார்ப்பிரும்பு ஓர் இரவு ஈரத்தில் நின்றாலே துரு பூக்கும். காலையில் நாலு முறை பிரேக் அழுத்தினால் பேட் அதைத் துடைத்துவிடும். இங்கேதான் ஒரு முரண் இருக்கிறது. கடுமையாக உழைக்கும் முன் டிஸ்க் நாள்தோறும் தன்னைத் தானே துலக்கிக்கொள்கிறது. மிகக் குறைவாக உழைக்கும் பின் டிஸ்க்கைத் துடைக்கப் போதிய அழுத்தம் கிடைப்பதில்லை. துரு தங்குகிறது. துருத் துகளும், சாலையிலிருந்து எழும்பும் கல்பொடியும் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே சிக்கிக்கொண்டு கோடு கிழிக்கின்றன. பார்வைக்கு மிக மோசமாக இருக்கும் டிஸ்க், மிகக் கொடூரமாக நடத்தப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. மிகமிக மென்மையாக நடத்தப்பட்டதாகவும் இருக்கலாம். மின்சாரக் கார்களில் இச்சிக்கல் இன்னும் பெரிது. அவற்றில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்கலத்துக்கு மின்சாரம் திருப்புவதால் பிரேக்குக்கு வேலையே இல்லாமல் போகிறது. 2020இல் சந்தைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 காரின் பின்சக்கரங்களுக்கு டிரம்மே பொருத்தப்பட்டிருக்கிறது. மூடிய டிரம்முக்குள் மழையும் தூசியும் எளிதில் புகுவதில்லை அல்லவா?

இரண்டாவது பாடம், பழக்குவது. புதிய டிஸ்க்கும் புதிய பேட்டும் ஒன்றையொன்று அறியாதவை. பேட்டின் பொருளில் ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கின் மேல் சீராகப் படிய வேண்டும். அதன்பிறகு பேட் உராய்வது வெற்று இரும்பின் மேல் மட்டுமல்ல, தன்னுடைய அந்தப் படலத்தின் மேலும்தான். படலம் படிவதற்குச் சூடு வேண்டும். ஆள் நடமாட்டமற்ற சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபதுக்கு, நடுத்தரமான அழுத்தத்தோடு, பத்து முறை போல, முழுவதும் நிறுத்திவிடாமல் குறைக்க வேண்டும். பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற விட வேண்டும். சூடான டிஸ்க்கைப் பேட்டால் இறுகப் பிடித்தபடி நிறுத்தி வைத்தால், அந்த ஓரிடத்தில் மட்டும் படலம் தடித்துப்போகும். எண்ணிக்கையும் வேகமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், தத்துவம் ஒன்றுதான்.

இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா குறுக்கிட்டார். “இதுக்கா இத்தனை பேச்சு? புது தோசைக்கல்ல எண்ணெய் தேய்ச்சுக் காய வச்சுப் பழக்காம மாவு ஊத்தினா பிச்சுக்கிட்டுதான் வரும். அந்தப் பையன என்னத்துக்குப் போகச் சொன்னீங்க?”

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் காரின் பிரேக்குகள் பழக்கப்படவே இல்லை. பழக்கவிடாமல் செய்தது எங்கள் உத்தரவு. ஒரு சொம்புத் தண்ணீர் சிந்தாமல் ஓட்டு என்று சொல்லிவிட்டு, அவ்வாறு ஓட்டியதால் விழுந்த கோடுகளுக்காக அவனைத் தண்டித்தோம். போதாததற்கு, அவன் சொல்லியும் கேளாமல் நாங்கள் இழுத்த ஹேண்ட் பிரேக்கின் அச்சையும் அவன் கணக்கில் எழுதினோம்.

மெக்கானிக் எதையும் மாற்றவில்லை. பேட்களின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்தார். காலிப்பரின் பின்களில் அப்பியிருந்த தூசியைத் துடைத்துக் கிரீஸ் வைத்தார். 600 ரூபாய் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நாங்கள் இருவர் மட்டும் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போனோம். சாலை வெறுமையாக இருந்தது. ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் வண்டி ஏதும் வருகிறதா என்று பார்த்து எண்ணிக்கை சொன்னார். ஆறாவது முறையில் கருகிய வாடை வந்தது. பயந்தோம். அது வர வேண்டிய வாடைதான் என்று மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார். பத்து முறை முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் ஏரிக்கரை வரை மெல்ல உருட்டிக்கொண்டு வந்து, கியரில் விட்டு நிறுத்தினோம். உராயும் சத்தம் போய்விட்டிருந்தது. கோடுகள் போகவில்லை. அவை இனிப் போகாது என்றும், பேட் அந்தக் கோடுகளுக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொள்ளும் என்றும், அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை என்றும் மெக்கானிக் சொல்லியிருந்தார்.

அன்று வீடு திரும்பும் வழியில் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குள் போனோம். உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அங்கே சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டுகள்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்த முறை அதில் விளக்கப்படுகிறது. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் போட்டியிடக் கூடாது என்றெல்லாம் விதிகள். பள்ளி நாட்களில் இதை ஊர்ப் பெருமையாக மனப்பாடம் செய்திருக்கிறோம். அன்று காலை வேறு இரண்டு செய்திகள் எங்களைப் பிடித்து நிறுத்தின.

ஒன்று, அவை இரண்டு கல்வெட்டுகள் என்பது. 919இல் சபை கூடி விதி செய்தது. இரண்டே ஆண்டுகளில், அது போதவில்லை என்று கண்டு, மறுபடியும் கூடி விரிவான விதியைச் செய்தது. முதல் விதியைச் செதுக்கிய கல்லைச் சபையார் மறைக்கவில்லை. இரண்டும் அதே கோயிலில், பார்க்க விரும்பும் எவருக்கும் படிக்கக் கிடைக்கின்றன.

மற்றொன்று பொன் வாரியம். ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியம் இருந்ததுபோலப் பொன்னுக்கும் இவ்வூரில் ஒரு வாரியம் இருந்தது. பொன் சோதிப்பவர்களை நியமித்தது குறித்தும் இவ்வூரில் கல்வெட்டு உண்டு. அவர்கள் ஆள் பார்த்துப் பேதம் செய்யாமல் எல்லோருடைய பொன்னையும் சோதிக்க வேண்டும் என்றும், உரைகல்லில் தேய்ந்து மெழுகில் ஒட்டும் பொன்னை ஏரி வாரியத்தாரிடம் சேர்த்துவிட வேண்டும் என்றும் அது விதிக்கிறது. உரைத்துப் பார்க்காமல் ஒன்றின் மாற்றைச் சொல்லக் கூடாது என்பதும், உரைக்கும்போது தேயும் துகளுக்கும் கணக்கு உண்டு என்பதும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரார் அறிந்திருந்தவை. நாங்கள் ஒரு மைக்ரோமீட்டர் வைத்துக்கூடப் பார்க்காமல், டார்ச் வெளிச்சத்தில் ஒருவனுக்கு மாற்றுச் சொல்லியிருந்தோம்.

மாலையில் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் இல்லை. அவனுடைய தாய் எங்களை உள்ளே வரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஓட்டுநர் வேலை இரண்டு இடங்களில் அமைவதுபோல வந்து தட்டிப்போயிற்று என்றும், இப்போது ஒரு குவாரி லாரியில் கிளீனராகப் போகிறான் என்றும் சொன்னார். ஏன் தட்டிப்போயிற்று என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்வது, அந்தத் தண்ணீரைக் குடித்ததைவிடக் கடினமாக இருந்தது. ஆனால் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அவன் வரட்டும், அவன்கிட்ட சொல்லுங்க” என்றார்.

இரவு எட்டு மணிக்கு மேல் வந்தான். தலைமுடி, புருவம் எல்லாம் கல்பொடி. எங்களைக் கண்டதும் வழக்கம்போல, “வாங்கண்ணா, வாங்கக்கா” என்றான். மைக்ரோமீட்டர் அளவிலிருந்து ஹேண்ட் பிரேக் வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னோம். தவறு எங்களுடையது என்றோம். மன்னிக்கும்படி கேட்டோம். திரும்ப வேலைக்கு வரும்படியும் கேட்டோம். அவன் கேட்ட முதல் கேள்வி, “பின்ன கிரீஸ் வச்சாராண்ணா? அந்தப் பின்னத்தான் நான் பார்க்கணும்னு இருந்தேன்” என்பது. அடுத்தது, “அம்மா நடக்கறாங்களா?”

வேலைக்கு வருவது குறித்து அவன் யோசிக்கவே இல்லை. “இல்லண்ணா, வேணாம்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். மன்னித்துவிட்டேன் என்றும் அவன் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவனிடமிருந்து எதிர்பார்த்தது எங்கள் பேராசை என்று திரும்பி வரும்போது உணர்ந்தோம்.

எங்களால் செய்யக்கூடியது ஒன்று மீதம் இருந்தது. மறுநாள் நெல் மண்டிக்குப் போய், அன்று நாங்கள் சொன்னது தவறு, பிரேக் கெட்டது எங்களால், அவனைப்போலச் சீராக ஓட்டுபவரை நாங்கள் பார்த்ததில்லை என்று சொன்னோம். மண்டிக்காரர் அதற்குள் வேறு ஆளை அமர்த்தியிருந்தார். எங்களை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, “ஒரு டிரைவருக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பார்க்கலாம் என்றார். ஒரு சொல்லைச் சொல்ல எங்களுக்கு அரை நிமிடம் ஆனது. அதைத் திரும்ப எடுக்க ஒரு வாரம் அலைந்தும் முழுவதும் எடுக்க முடியவில்லை. நாலைந்து மாதங்கள் கழித்து, ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்றில் அவனுக்கு ஓட்டுநர் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டோம். அதில் எங்கள் பங்கு எதுவும் இல்லை.

அதன்பின் நாங்களே ஓட்டப் பழகிக்கொண்டோம். மழை பெய்த மறுநாள் காலையில் பின்சக்கரத்தில் துரு பூத்திருக்கும். தெருமுனை தாண்டியதும் பின்னால் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, நாலு முறை சற்று அழுத்தியே பிரேக் பிடிப்போம். அம்மா பின் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். குலுங்குவதைப் பற்றிக் குறை சொல்வதில்லை. ஆனால் வேகத்தடை வரும்போதெல்லாம், “அந்தப் பையனா இருந்தா தெரிஞ்சே இருக்காது” என்று மட்டும் சொல்வார்.

சென்ற மாதம் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் மறுபடியும் அளந்தார். 9.8 மில்லிமீட்டர். இன்னும் பல ஆண்டுகள் தாங்கும் என்றார். கோடுகள் அப்படியே இருந்தன.